எந்தப் பக்கம் இழுக்கும்?

இரண்டாவது உழவுச் சாலிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். கலப்பையின் கொழு, அதாவது மண்ணை வெட்டும் இரும்பு அலகு, வெட்ட வேண்டிய அகலம் 12 அங்குலம். புதிதாகப் புரண்டு கிடந்த மண் 6 அங்குலம்தான். மீதிப் பாதிக் கொழு முதல் சாலின் வெறும் பள்ளத்தில் எதையும் வெட்டாமல் கூடவே வந்திருக்கிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கமாகவே பிடித்திருந்ததில் தோள்பட்டை கடுத்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினாலும் டிராக்டரின் மூக்கு வலப்பக்கம், உழுத மண்ணின் மேல் ஏறப் பார்த்தது.

அந்தக் கலப்பை அப்பாவுடையது. 45 ஹெச்.பி. டிராக்டர் வீட்டில் இருந்த காலத்தில் வாங்கிய இரண்டு இறக்கைக் கலப்பை. மண்ணைப் புரட்டிப் போடும் வளைந்த இரும்புப் பலகையைத்தான் இறக்கை என்கிறோம். ஒவ்வொரு இறக்கையும் 12 அங்குலம் வெட்டும். பாகம் பிரிந்தபோது டிராக்டர் விற்றுப் பணமாகிப் பங்கானது. கலப்பையை யாரும் கேட்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தகரம் மூடிக் கிடந்தது. என் பங்குக்கு வந்த நிலம் 4 ஏக்கர், பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை பக்கம். பெரும்பகுதி கரிசல், ஓரத்தில் கொஞ்சம் செவல். மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இதற்கு 27 ஹெச்.பி. டிராக்டர் போதும் என்று வாங்கினேன், நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். பருத்தி இடைவரிசையில் களை ஓட்ட, மருந்து அடிக்க, டிரெய்லர் இழுக்க எல்லாவற்றுக்கும் அது போதுமாகத்தான் இருக்கிறது. ஆழ உழவு ஒன்றுதான் மிச்சம்.

வாடகைக்கு உழவு ஓட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர்களின் பின்னால் ரோட்டவேட்டர் இருக்கும், அல்லது ஒன்பது கொத்துக் கலப்பை இருக்கும். இறக்கைக் கலப்பையோடு வருகிறவர் அபூர்வம். அப்படி ஒருவர் கிடைத்தாலும் கோடை மழை பெய்து ஈரம் வடிந்த பிறகு மூன்று நான்கு நாள்தான் கரிசலில் உழவுக்குப் பதம் இருக்கும். அந்த நாளில் ஊரே அவரைக் கூப்பிடும். நம் முறை வரும்போது மண் இறுகிப் பாளம் பாளமாகிவிடும்.

இறக்கைக் கலப்பையே வேண்டும் என்று நான் நின்றதற்கும் காரணம் உண்டு. கொத்துக் கலப்பை மண்ணைக் கீறும். ரோட்டவேட்டர் மேலே நாலைந்து அங்குலத்தைப் பொடியாக்கும். வருடா வருடம் அதையே ஓட்டினால் அதற்குக் கீழே மண் தளம் போட்டதுபோல் கெட்டியாகி, மழைத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். இறக்கைக் கலப்பை ஒன்றுதான் மண்ணை வெட்டி, தூக்கி, முழுசாகக் கவிழ்த்துப் போடும். மேலே இருந்த சோளத்தட்டையும் களை விதையும் அடிக்குப் போகும், அடி மண் வெயிலைப் பார்க்கும். மக்காச்சோளக்காரர்களுக்கு இது இன்னும் கவலையான விஷயம். நம் நாட்டில் 2018ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்ட படைப்புழு அந்த ஆண்டே எங்கள் சோளக் காட்டுக்கும் வந்துவிட்டது. குருத்தைத் தின்று முடித்த புழு மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அதைப் புரட்டி வெயிலுக்கும் கொக்குக்கும் மைனாவுக்கும் காட்டுவதற்காகத்தான் கோடை உழவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உழவு மட்டும் படைப்புழுவை ஒழித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த பயிருக்கு முன் நம் கையில் இருக்கும் சில வேலைகளில் அது ஒன்று. அதை விட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் டவுன் பட்டறை ஒன்றில் சின்ன டிராக்டருக்குப் பொருந்தும் இணைப்புப் பின்களை வெல்டிங் வைத்து, முழுக் கலப்பையையும் மாட்டிப் பார்த்தேன். ஹைட்ராலிக் தூக்கியது. அதை நம்பி வயலுக்குக் கிளம்பியதுதான் தவறு. வரப்பு ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் மண்ணை விட்டுக் கிளம்பின. ஒரு நொடிதான், உடனே கலப்பையைக் கீழே இறக்கிவிட்டேன். ஆனால் அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் வெறும் வளையமாகச் சுற்றியது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அப்பா காலத்து துலா ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் கணக்கு புரியும். பின்சக்கர அச்சுதான் துலாவின் நடுக்கால். கலப்பையின் எடை 240 கிலோ, பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தேன். அந்த எடையின் மையம் பின் அச்சிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அதே ஒன்றரை மீட்டர்தான். ஆகவே கலப்பையைத் தூக்கிய கணமே முன் அச்சிலிருந்து 240 கிலோ கழன்றுவிடுகிறது. அங்கே இருப்பதே நானூறு கிலோ சொச்சம். சமதரையில் தாங்கும். வரப்பில் ஒரு குலுக்கு போதும்.

அதனால் பின் இறக்கையைக் கழற்றினேன். டவுன் பட்டறையிலேயே அதையும் செய்து கொடுத்தார்கள். ‘இனிமே இழுக்கும்’ என்றார்கள். இழுக்கத்தான் செய்தது. ஆனால் எப்படி இழுத்தது என்பதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் ஆத்தூர் சாலையில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் போனேன். மாட்டுக் கலப்பைக்குக் கொழு அடித்த குடும்பம். இப்போது வெல்டிங், கேஸ் கட்டிங், சின்ன லேத் எல்லாம் வைத்திருக்கிறார். கலப்பையைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, டிராக்டரின் பின்னால் குந்தி உட்கார்ந்தார்.

“என்னண்ணே, இந்த வண்டி இதை இழுக்குமா, இழுக்காதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இழுக்குறதைப் பத்தி அப்புறம் பேசுவோம் தம்பி. எந்தப் பக்கம் இழுக்கும்னு முதல்ல பாரு.”

சிமென்ட் தரையில் டிராக்டரை நிறுத்தச் சொன்னார். நடுக்கோட்டுக்குத் தூக்குக்குண்டு விட்டு, சாக்பீஸால் தரையில் நேர்க்கோடு ஒன்று இழுத்தார். பின்டயர் இரண்டின் உள்விளிம்பையும் குறித்தார். இடைவெளி 70 செ.மீ. அப்பாவின் பழைய டிராக்டரில் அது எவ்வளவு என்று கேட்டார். கலப்பை பூட்டும்போது சக்கரத்தை ஒரு மீட்டர் இடைவெளிக்கு வைப்போம் என்று அப்பா சொன்னது நினைவிருந்தது.

அங்கேதான் முடிச்சு இருந்தது. இறக்கைக் கலப்பை உழும்போது டிராக்டரின் வலச்சக்கரம் போன முறை வெட்டிய சாலுக்குள் ஓடும். டயரின் உள்விளிம்பு சாலின் சுவரை ஒட்டிப் போகும். அந்தச் சுவரிலிருந்து இடப்பக்கமாக 12 அங்குலம், அதாவது 30 செ.மீ., முதல் இறக்கை வெட்ட வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பெரிய டிராக்டரில் டயர் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 50 செ.மீ. வலப்பக்கம். அதில் 30 போனால், இறக்கையின் இடப்பக்கத் தகடு நடுக்கோட்டிலிருந்து 20 செ.மீ. வலப்பக்கம் நிற்க வேண்டும். கலப்பை செய்தவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். என் டிராக்டரிலோ டயர் விளிம்பு 35 செ.மீ.யிலேயே வந்துவிடுகிறது. தகடு அதே 20ல் நின்றால் வெட்டுவதற்கு மிச்சம் 15 செ.மீ. அதுதான் நான் வயலில் பார்த்த 6 அங்குலம்.

ஸ்டியரிங் வலப்பக்கம் ஓடியதற்கும் இதுவே காரணம். அதை விளங்க வைத்தது அப்பா. அன்று மாலை தரையில் நான் போட்டிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, “இது நுகத்தடிக் கணக்குடா” என்றார். இரண்டு மாட்டில் ஒன்று வலு குறைந்தது என்றால், ஏர்க்காலை நுகத்தடியின் நடுவில் பூட்ட மாட்டார்கள். வலுவுள்ள மாட்டின் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பூட்டுவார்கள். கிட்டத்தில் இருக்கிற மாட்டுக்குச் சுமை கூடும், எட்ட இருக்கிற மாட்டுக்குக் குறையும். டிராக்டரில் மாட்டுக்குப் பதிலாகச் சக்கரம். இரண்டு சக்கரமும் சம வலு. சுமையைக் கொண்டுபோய் வலச்சக்கரத்தின் பக்கத்தில் பூட்டினால் வலது பின்தங்கும், இடது முந்தும், வண்டி வலப்பக்கம் திரும்பும். இறக்கையின் சுமை மையம் இடப்பக்கத் தகட்டிலிருந்து வெட்டு அகலத்தில் கால் பங்கு வலப்பக்கம் என்பது பொதுவான கணக்கு. என் முதல் முயற்சியில் அது நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 அங்குலம் விலகி நின்றிருக்கிறது.

ஏர் பிடித்த தலைமுறைக்கு இது கணக்கே இல்லை, கைப்பழக்கம். நான் டிராக்டரில் பிறகு வந்தவன். எனக்கு ஹெச்.பி. மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

ஹெச்.பி. கணக்கும் போட்டுத்தான் பார்த்தோம். அதை விட்டுவிட முடியாது. பதமான கரிசலில், மெதுவான வேகத்தில், வெட்டும் மண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் முக்கால் கிலோ இழுவிசை என்று வைத்துக்கொள்ளலாம். செவலில் அதைவிடக் குறையும். இரண்டு இறக்கை என்றால் 60 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழம்: 800 கிலோவுக்குச் சற்று மேல். என் டிராக்டரின் எடையே ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் அதிகம். உழவு மண்ணில் ரப்பர் டயர் தன் எடையில் பாதியைத்தான் நம்பி இழுக்கும், அதற்கு மேல் வழுக்கும். ஒரே இறக்கை என்றால் 400 கிலோ. அது எட்டும் எல்லை. வேகம் கூடினால் இந்தக் கலப்பையில் சுமை நேராகக் கூடாது, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் சின்ன வண்டியில் அவசரப்படவே கூடாது.

அகலத்தைக் குறைக்காமல் ஆழத்தைப் பாதியாக்கி இரண்டு இறக்கையையும் வைத்துக்கொள்ளலாமே என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். ‘அகல உழுவதை ஆழ உழு’ என்று நம் ஆட்கள் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். 9 செ.மீ. ஆழத்தில் 12 அங்குல இறக்கையை ஓட்டினால் மண் ஒழுங்காகக் கவிழாது, சரிந்து விழும். அந்த ஆழத்துக்கு ஒன்பது கொத்துக் கலப்பையே போதுமே.

இந்த வேலையில் இறங்கிய பிறகு, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் இணைப்பை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனைப் பற்றித் தேடிப் படித்தேன். வட அயர்லாந்தின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முதல் உலகப் போர் நேரத்தில் உணவு உற்பத்தியைக் கூட்ட, டிராக்டரும் கலப்பையும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அன்று கலப்பைக்குத் தனிச் சக்கரங்கள் உண்டு, டிராக்டர் அதைச் சங்கிலி போட்ட வண்டி மாதிரி இழுக்கும். கொழு வேரிலோ கல்லிலோ மாட்டினால் டிராக்டரின் மூக்கு மேலே எழும்பி ஓட்டுநர் மேலேயே கவிழும். பலர் செத்திருக்கிறார்கள். ஃபெர்குசன் கலப்பையின் சக்கரங்களை எடுத்துவிட்டு, கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் டிராக்டரோடு பிணைத்தார். கொழு மாட்டினால் மேல் கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளி மூக்கை அமுக்கும். அதோடு, கலப்பையின் எடையும் மண் அதைக் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரத்தில் வந்து இறங்கும். ஆகவே எடை குறைந்த டிராக்டர்கூட ஆழமாக இழுக்கும். 1939ல் ஃபோர்டுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த டிராக்டரும், 1946லிருந்து இங்கிலாந்தின் கவன்ட்ரியில் லட்சக்கணக்கில் செய்த சாம்பல் நிற டிராக்டரும் எடையிலும் திறனிலும் என்னுடையதை ஒத்தவைதான். அவற்றின் பின்னால் 10 அங்குல இறக்கை இரண்டு ஓடியது. 1960ல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்தபோது அந்த மனிதரின் பெயர் நம் வயலுக்கும் வந்தது. இன்று எந்த நிறத்து டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் தொங்குவது அவருடைய மூன்று கைகள்தான்.

இதைப் படித்ததில் ஒரு பயன் கிடைத்தது. ஆசாரி அண்ணன் சட்டத்தை முடிந்தவரை இளைக்கச் செய்ய நினைத்தார். நான்தான் தடுத்தேன். கலப்பையின் எடை பின்சக்கரத்துக்கு வேண்டும். எடை பின்னால் நீளக்கூடாது, அவ்வளவுதான். எடையைக் குறைக்காமல் கிட்டே கொண்டுவர வேண்டும்.

எந்த இறக்கையை வைத்துக்கொள்வது என்று ஒரு பகல் முழுக்கப் பேசினோம். பின் இறக்கையின் தகடு பழைய அளவில் நடுக்கோட்டுக்கு 10 செ.மீ. இடப்பக்கம் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டால் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியது குறைவு. ஆனால் அது பின்னால் நீண்டு தொங்கும். முன் இறக்கை கிட்டே இருக்கிறது, பக்கவாட்டில் அதிகம் நகர்த்த வேண்டும். வரப்பில் எழும்பிய முன்சக்கரம் எனக்கு மறக்கவில்லை. முன் இறக்கை என்று முடிவு செய்தோம். அதற்குப் பின்னால் இருந்த சட்டம் முழுவதையும் கேஸ் கட்டிங் வைத்து எடுத்தோம்.

முன்பே கழற்றியிருந்த பின் இறக்கையை ஓரமாக வைக்கும்போது ஆசாரி அண்ணன் கையை நிறுத்தினார். இரண்டு இறக்கையின் இடப்பக்கத் தகடுகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். பின் இறக்கையின் தகடு ஒரு சாண் அளவுக்கு நீளம் அதிகம், கடைசியில் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக் குதிகால் துண்டு வேறு. இத்தனை வருஷம் இந்தக் கலப்பையைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. இறக்கை மண்ணை வலப்பக்கம் தள்ளும்போது, மண் கலப்பையை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைச் சாலின் சுவரில் சாய்ந்து தாங்குவது இந்தத் தகடுதான். கடைசி இறக்கைக்குப் பின்னால் வேறு துணை இல்லாததால் அதற்கு மட்டும் நீளத் தகடு. இப்போது நாம் வைத்துக்கொள்ளும் இறக்கையே முதலும் கடைசியும். ஆகவே அந்த நீளத் தகட்டைக் கழற்றி இதில் மாட்டினோம். போல்ட் துளைகள் அப்படியே பொருந்தின. டவுன் பட்டறையில் வேலை பார்த்தபோது இது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

அடுத்து, டிராக்டரோடு பிணையும் தலைப்பகுதி. பழைய கலப்பை இரண்டாம் வகை இணைப்பு: கீழ்ப் பின்கள் 28 மி.மீ. கனம், இரண்டுக்கும் இடையே 82 செ.மீ.க்கு மேல். என் டிராக்டர் ஒன்றாம் வகை: பின் 22 மி.மீ., இடைவெளி 68 செ.மீ. சின்னப் பின்னைப் பெரிய துளைக்குப் பொருத்த புஷ் போட்டால் போதும். பெரிய பின் சின்னத் துளைக்குள் எப்படியும் போகாது. டவுன் பட்டறையில் வைத்த வெல்டிங்கை வெட்டி எடுத்துவிட்டு, லேத்தில் புதுப் பின்கள் கடைந்தோம். டாப் லிங்க் என்கிற மேல் கை வந்து மாட்டும் நிமிர்ந்த சட்டத்தையும் 61 செ.மீ. உயரத்திலிருந்து 46க்குக் குறைத்தோம்.

இதில் எனக்குப் பிடிவாதமாக இருந்தது ஒன்றுதான்: தலைப்பகுதியைச் சட்டத்தோடு வெல்டிங் வைக்கக் கூடாது. ஆசாரி அண்ணனுக்கு வெல்டிங்தான் திருப்தி, போல்ட் ஆடும் என்றார். அளவு நிச்சயமாகத் தெரியாதபோது நிரந்தரமாக ஒட்டினால் மறுபடி வெட்ட வேண்டிவரும் என்று நான் நின்றேன். கடைசியில் இரண்டு சேனல் வைத்து, ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு துளையாகப் போட்டு, நான்கு தடித்த போல்ட்டில் இறுக்கினோம். தலையை வலத்துக்கோ இடத்துக்கோ அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம்.

டிராக்டர் பக்கமும் ஒரு மாற்றம். பின்சக்கரத் தட்டைத் திருப்பி மாட்டினால் டயர்கள் உள்ளே வரும். 70 செ.மீ. இடைவெளியை 60 ஆக்கினோம். இப்போது டயர் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ.; இறக்கை வெட்டுவதும் 30. அதாவது இடப்பக்கத் தகடு டிராக்டரின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். பழைய இடத்திலிருந்து சரியாக எட்டு துளை நகர்த்தினோம். சுமை மையம் நடுக்கோட்டிலிருந்து 3 அங்குலத்துக்குள் வந்துவிட்டது. குறுகலான டிராக்டரை எல்லோரும் குறையாகவே பேசுகிறோம். ஒற்றை இறக்கைக்கு அந்தக் குறுகல்தான் வசதி என்பது சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கொழுவையும் பார்த்தோம். தரையில் வைத்துப் பக்கத்திலிருந்து நோக்கினால், கொழுவின் நுனியும் தகட்டின் குதிகாலும் மட்டும் தரையைத் தொட்டு, நடுவில் மெல்லிய சந்து இருக்க வேண்டும். அந்தச் சந்துதான் கொழுவை மண்ணுக்குள் இறங்க வைக்கிறது. ஒரு நூலுக்குச் சற்று மேல், அதாவது 3லிருந்து 5 மி.மீ. வரை போதும். எங்களுடையது தேய்ந்து தட்டையாகியிருந்தது. உலையில் காய்ச்சி நுனியை அடித்து இறக்கினார். வெல்டிங் கருவிகளுக்கு நடுவே அவர் சுத்தியலை எடுத்த அந்த அரைமணி நேரம் நான் வேறெங்கும் நகரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் இடையே கண்ணால் அளந்துகொண்டே இருந்தார்.

முடிந்ததும் மறுபடி எடை போட்டோம். 138 கிலோ, மையம் பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர். முன் அச்சிலிருந்து கழல்வது இப்போது நூறு கிலோதான். இருந்தாலும் முன்னால் இரண்டு எடைக்கட்டி மாட்டினேன், பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினேன்.

என் டிராக்டரின் ஹைட்ராலிக்கில் சுமையை உணர்ந்து தானே ஆழம் மாற்றும் வசதி இல்லை, லீவர் வைத்த உயரத்தில் நிற்பது மட்டும்தான். மேடு பள்ளத்தில் ஆழம் கூடிக் குறையும். அதற்குப் பழைய விதைப்புக் கருவி ஒன்றின் சக்கரத்தைக் கலப்பையின் இடப்பக்கம், உழாத நிலத்தில் ஓடும்படி வைத்தோம். அது மண்ணைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். எடை முழுக்க அதில் ஏறினால் பின்டயருக்கு வர வேண்டிய எடையை அது தின்றுவிடும்.

மட்டம் பார்க்க வயலுக்குப் போகத் தேவையில்லை. உழும்போது வலச்சக்கரங்கள் சாலுக்குள் 7 அங்குலம் கீழே ஓடுகின்றன. ஆகவே வாசலில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் 7 அங்குல உயரப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினேன். வண்டி சாய்ந்தபடி நிற்கும். அந்தச் சாய்விலேயே கலப்பையின் சட்டத்தில் ரசமட்டம் வைத்து, வலக்கையின் லெவல் திருகைச் சுற்றிச் சட்டம் மட்டமாகும் வரை உயர்த்தினேன். முன்பின் மட்டம் டாப் லிங்கில். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் வயலில் போய்த் திருகிக்கொண்டிருந்தால் பதம் போய்விடும்.

சித்திரை நடுவில் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில் ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். உடைந்து சிதறியது. மணிக்கு 4 கி.மீ. வேகம் வரும் கியரில் விட்டேன். முதல் கால் ஏக்கர் வரை இறக்கையில் மண் ஒட்டிக்கொண்டே வந்தது, பழைய துரு. நாலைந்து முறை இறங்கிச் சுரண்டினேன். அதன் பிறகு மண்ணே அதைத் தேய்த்துக் கண்ணாடியாக்கியது. கரிசல் துண்டு துண்டாக எழும்பி, புரண்டு, அடிப்பக்கம் பளபளக்கக் கவிழ்ந்து விழுந்தது. சாலின் சுவர் கத்தியால் சீவியது மாதிரி. ஸ்டியரிங்கில் ஒரு கை போதுமாக இருந்தது. வெட்டு அகலத்தை அளந்தேன், 11 அங்குலத்துக்குச் சற்று மேல். தலையை ஒரு துளை நகர்த்தினேன், 12 வந்துவிட்டது. போல்ட் வைத்ததற்கு அந்த ஒரு துளையே போதும்.

டயர் வழுக்கலையும் பார்த்தேன். சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி வைத்துப் பத்துச் சுற்று எண்ணினால், கலப்பையைத் தூக்கியபடி போகும்போது 29 மீட்டர் நகர்ந்தது, உழும்போது 25. ஏழில் ஒரு பங்கு வழுக்கல், அது சரியான அளவுதான். ஆசையில் ஆழத்தை 8 அங்குலத்துக்கு இறக்கிப் பார்த்தேன். பத்துச் சுற்றுக்கு 22 மீட்டர்தான் வந்தது. டயரும் டீசலும்தான் போகும். 7க்கே திரும்பினேன்.

ஒரு ஏக்கரை 12 அங்குலம் 12 அங்குலமாக உழுவதென்றால் டிராக்டர் 13 கி.மீ. நடக்க வேண்டும். வரப்பில் திரும்புவதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆனது. பெரிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நான்கு ஏக்கரும் மூன்று நாளில் முடிந்தது, பதம் போவதற்குள். மூன்றாம் நாள் மதியம் அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். சாலுக்குள் இறங்கி நின்று, விரித்த கையை மண்ணில் ஊன்றி ஆழம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொக்குகள் அவருக்கு இரண்டடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன.

இந்தக் கலப்பையை வருடா வருடம் ஓட்டப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப உழுதால் 7 அங்குலத்துக்குக் கீழே இன்னொரு கெட்டித்தளம் உருவாகும். கவிழ்ந்த மண் வெறுமையாகக் கிடப்பதால் பெருமழையில் அரித்துக்கொண்டும் போகும். சரிவுள்ள செவல் பக்கத்தில் குறுக்கே மட்டும் உழுதேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, மக்காச்சோளத்துக்குப் பின்னால், என்று வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் இறக்கையில் பழைய என்ஜின் ஆயில் பூசி வைத்துவிட்டேன். கலப்பையைக் கழற்றும்போது பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை. ஒற்றை இறக்கை தரையில் தானாக நிற்காது, அதற்கு முட்டுக்கால் ஒன்று இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது.

கழற்றிப்போட்ட அந்தப் பின் இறக்கை ஆசாரி அண்ணன் பட்டறையில்தான் கிடந்தது. அகலமா ஆழமா என்று அன்று கேட்ட பக்கத்துக் காட்டுக்காரர் போன வாரம் வந்து அதைக் கேட்டார். அவரிடம் 24 ஹெச்.பி. டிராக்டர். கொடுத்துவிட்டேன். அதன் நீளத் தகடு என் கலப்பையில் இருப்பதால் அவருக்குப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். நேற்று பட்டறைக்குப் போனபோது அவருடைய டிராக்டர் சிமென்ட் தரையில் நின்றுகொண்டிருந்தது. நடுவே தூக்குக்குண்டு தொங்கியது. டேப்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்தோம். ஆசாரி அண்ணன் குனிந்து பார்த்து, சாக்பீஸால் தரையில் எழுதினார்: 64.